பன்னிரண்டு மூங்கில்

தார்ப்பாய் மழையைத் தடுக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அது மண்ணின் மூச்சையும் அடைக்கும் என்பது மைதான வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கிரிக்கெட் ஆடுகளம் வெறும் தரை அல்ல. களிமண்ணைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, இரும்பு உருளையை நாள்கணக்கில் மேலே உருட்டி, ரொட்டியின் மேலோடு மாதிரி இறுக வைத்தது. மேலே காய்ந்திருந்தாலும் நாலு விரற்கடை கீழே ஈரம் இருந்துகொண்டுதான் இருக்கும். அந்த ஈரம் யார் கண்ணிலும் படாமல் மேலேறிக் காற்றோடு போய்விடும். தார்ப்பாயை மண்ணோடு ஒட்டப் போட்டு மூடினால் அதற்குப் போக வழியில்லை. பாயின் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகச் சேர்ந்து, திரும்ப மண்ணிலேயே சொட்டும். சோற்றுப் பானையின் மூடியைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதைத்தான் ஆடுகளம் வியர்த்துவிட்டது என்பார்கள்.

எங்கள் மைதானக்காரர் அதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். ஆடுகளத்தின் இரண்டு ஓரமும் செங்கல் வைத்து, செங்கல்லுக்குச் செங்கல் குறுக்கே மூங்கில் போட்டு, அதன் மேல்தான் பாயை விரிப்பார். இருபத்திரண்டு கெஜ நீளத்துக்குப் பன்னிரண்டு மூங்கில். பாய் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கும், அடியில் காற்று நடமாடும். அவர் வேலைக்கு வந்து பதினாறு வருஷம். ஒரே ஒரு நாளைத் தவிர அவருடைய ஆடுகளம் வியர்த்ததில்லை. அந்த ஒரு நாளை என் கண்ணால் பார்க்கக் கொடுத்துவைத்தவன் நான்.

நான் தண்ணீர்ப் பம்பு ரிப்பேர் செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுவேன். அதனால் தெருவில் என் பெயர் ஸ்கோரர். மைதானக்காரர் எனக்கு அடுத்த வீடு, இடையில் ஒற்றைச் செங்கல் சுவர். அவர் உருளையோடேயே கிடப்பதால் அவரை ரோலர் என்பார்கள். அவர் மனைவிக்குப் பெயர் ரெண்டாட்டம். அந்தப் பெயர் வந்த கதை கொஞ்சம் நீளம்.

அவள் ரொட்டிக் கம்பெனியில் அடுப்புப் பிரிவு. எட்டு மணி நேரம் நீளக் கம்பியால் தட்டுகளை இழுத்து அலமாரியில் ஏற்றுகிற வேலை. வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல் பருமன் கூடுதல். கம்பெனியின் பெண்கள் கிரிக்கெட் அணியில் பதினாறு வருஷமாக முதல் ஓவர் அவளுடையது. பத்தொன்பது வயதில் அவள் ஈட்டி எறிகிறவளாகவும் இருந்தாள். இரண்டுக்கும் தேர்வு ஒரே வாரத்தில் வந்தபோது யாரோ ஒரு பயிற்சியாளர், "ரெண்டு படகுல கால் வைக்காதே" என்றாராம். ஈட்டியை வைத்துவிட்டாள். முப்பத்துநாலு வயதில் கம்பெனி விளையாட்டு விழாவில் சும்மா ஒன்றை எடுத்து எறிந்தாள். அளக்க வந்தவர் கையிலிருந்த டேப் போதாமல் நீள டேப்பைத் தேடி ஓடினார். அன்றிலிருந்துதான் அவள் ரெண்டாட்டம்.

ஈட்டி ஸ்டேடியத்தில் இருக்கிறது. ஸ்டேடியம் ஏழு கிலோமீட்டர். அவளுக்கு வேலை முடிவது ஐந்தரைக்கு, ஸ்டேடியத்தின் ஸ்டோர் ரூமைப் பூட்டுவது ஆறுக்கு. ரோலர் மைதானக் கொட்டகையிலிருந்து ஒரு மூங்கிலை எடுத்து வந்து வாசலில் போட்டு, இரண்டேகால் மீட்டருக்கு அறுத்தார். முன்பக்கக் கணுவுக்குள் மணலை நிரப்பி மரக்கட்டையால் அடைத்தார். காய்கறிக் கடைத் தராசில் போய் நிறுத்தார், அறுநூறு கிராம் வரும்வரை மணலைக் கொட்டியும் சேர்த்தும். பிறகு அதை ஒற்றை விரலில் படுக்க வைத்து, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் நூல் கயிற்றைச் சுற்றினார். ஈட்டியைப் பிடிக்க வேண்டிய இடம் அதுதான். ஒரு நூல் முன்னே பின்னே போனாலும் முனை தூக்கிக்கொள்ளும் அல்லது மூக்குக் குத்தும்.

முதல் மூங்கில் பதினோரு எறிக்குப் பிளந்தது. மறுநாள் அடுத்த மூங்கில் வாசலில் கிடந்தது. இரண்டு வருஷத்தில் எத்தனையோ பிளந்தன. ஒவ்வொரு தடவையும் மழைக்கு முன்னால் கடைக்குப் போய்ப் புது மூங்கில் வாங்கி எண்ணிக்கையைச் சரிசெய்துவிடுவார். அந்த வருஷம் கோடை பாதியிலேயே ஏழு போய்விட்டது. கொட்டகையில் ஐந்துதான் மிச்சம்.

"மூங்கில் வாங்கணும்யா" என்றார் என்னிடம்.

"வாங்குங்க."

"மழைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குல்ல."

தேதி அட்டவணை வந்த அன்று சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். குழாய் வாஷர் மாற்றப் போயிருந்தேன். ரெண்டாட்டம் முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். ரோலரின் தங்கை, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவள், காக்கிச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து ரொட்டிக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்தாள். அவளும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே அடுக்களையில் இருந்தால் மழை இல்லாமலே இடி இடிக்கும் என்பார்கள். இந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு ரோலரைத்தான் இடிப்பார்கள்.

"லீக் ஃபைனல் இருபத்தொண்ணு, காலைல ஒன்பது மணி" என்றாள் ரெண்டாட்டம். "மூத்தோர் தடகளம், ஈட்டி, அதே இருபத்தொண்ணு, ஒன்பதரை."

மூத்தோர் தடகளம் என்பது முப்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கான போட்டி. முப்பத்தாறு மீட்டர் எறிந்தால் வெளிநாட்டில் நடக்கிற போட்டிக்கு நாட்டின் அணியில் இடம். மூங்கிலிலேயே அவள் முப்பத்தைந்து எறிந்துகொண்டிருந்தாள். மழைக்காலத்தில் முழங்காலுக்கு ஆபரேஷன் என்று தேதி குறித்தாயிற்று. அதனால் இந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

"சரி, ஃபைனலுக்குப் போறேன்" என்றாள், முட்டையைக் கலக்கிக்கொண்டே.

"ஏன் அண்ணி? எவளையாவது உனக்குப் பதிலா போடச் சொல்லு."

"நான் போகலேன்னா அங்க பத்து பேரு நிப்பாங்க. ஈட்டிக்குப் போகலேன்னா ஒருத்தி மட்டும்தான் போகல. எது சுலபம்?"

"அந்த ஒருத்தி நீதானே."

எனக்குக் கிரிக்கெட் சரித்திரம் கொஞ்சம் பைத்தியம். வாஷரைக் கையில் வைத்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டேன். "அந்தக் காலத்துல இது ஒரு பிரச்சினையே இல்ல தங்கச்சி. இங்கிலாந்துல கிரிக்கெட்டு வெயில் காலத்துக்கு, ஃபுட்பால் குளிர் காலத்துக்கு. ஒரே ஆளு ரெண்டும் ஆடுவான். ரெண்டுலயும் நாட்டுக்கே ஆடினவங்க உண்டு. அதுல ஒருத்தர் நீளம் தாண்டுறதுல உலக சாதனையத் தொட்டிருக்கார். அப்புறம் சீசன் ரெண்டும் நீண்டு நீண்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடுச்சு. எழுபத்தஞ்சாம் வருஷம் ஒருத்தர், பகல்ல பேட்டிங், ஐம்பத்தொண்ணு நாட் அவுட். சாயங்காலம் டாக்ஸி பிடிச்சு வேற ஊருக்குப் போய் ஃபுட்பால் மேட்ச். காலைல திரும்பி வந்து செஞ்சுரி. ஒரு பொண்ணு ஒலிம்பிக்ஸ்ல பாஸ்கெட்பால் ஆடிட்டு அப்புறம் தன் நாட்டு கிரிக்கெட் டீமுக்கு கேப்டனா இருந்திருக்கா."

"டாக்ஸிக்குப் பதிலா ஆட்டோ இருக்கு" என்றாள் தங்கை. "ரெண்டு மணி நேரம் கிடைச்சா நான் கொண்டு போய்க் கொண்டு வந்துருவேன்." அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, பிட்ச் உன் கையிலதானே இருக்கு. காலைல ஒரு குடம் தண்ணி. காய ரெண்டு மணி நேரம் ஆகும். யாருக்குத் தெரியும்?"

ரோலர் ரொட்டியைக் கீழே வைத்தார். "ஸ்கோரருக்குத் தெரியும். இதோ உக்காந்திருக்கார்."

"அவர் நம்ம ஆளு."

"அவர் நம்ம ஆளுன்னா அந்த ஸ்கோர் புஸ்தகம் எதுக்கு? மைதானம் என் வீட்டுக் கொல்லையா? இருபத்திரண்டு பேரு நம்பி இறங்குற இடம். அதுல நான் தண்ணி ஊத்தினா, நாளைக்கு எவ மூஞ்சியில பந்து எகிறினாலும் நான் ராத்திரி தூங்க முடியுமா?"

"பொண்டாட்டிக்காக ஒரு குடம் தண்ணி ஊத்த மாட்டே. உத்தமர்."

"விடுடி" என்றாள் ரெண்டாட்டம். "அவர் ஊத்துற ஆளா இருந்தா நான் கட்டிக்கிட்டிருக்கவே மாட்டேன்." சொல்லிவிட்டு முட்டையை ஊற்றினாள். சட்டியில் எண்ணெய் சத்தம் போட்டது. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

இருபதாம் தேதி, சனிக்கிழமை. ரோலர் கடைசித் தண்ணீர் விட்டு உருட்டி முடித்திருந்தார். மேலோடு பளபளவென்று இருந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு, ரெண்டு மாதம் கழித்து வர வேண்டிய மேகம், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றது. காற்று புழுதியைத் தூக்கியது. அவர் கொட்டகைக்கு ஓடுவதை நான் ஸ்கோர் அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஐந்து மூங்கிலோடு வெளியே வந்து, இரண்டு நொடி அப்படியே நின்றார். பிறகு அந்த ஐந்தையும் தள்ளித் தள்ளிப் போட்டு, பாயை விரித்து, ஓரங்களுக்கு மண்மூட்டை வைத்தார். நானும் ஓடிப் போய்ப் பிடித்தேன்.

"நடுவுல தொங்குதே" என்றேன்.

"மழை வந்தா இதாவது காப்பாத்தும். வராட்டி விடியக்காலைல எடுத்துடுறேன்."

மழை பெரிதாக வரவில்லை. நாலு தூறல். ஆனால் மேகம் போகவே இல்லை, காற்றும் நின்று போய் இரவெல்லாம் புழுங்கியது. ஆடுகளம் வியர்க்க அதைவிட நல்ல இரவு கிடையாது.

காலை ஐந்தேகாலுக்கு அவர் பாயைத் தூக்கினார். ஐந்து மூங்கில் இருந்த இடங்களில் மண் வெளுப்பாக உலர்ந்திருந்தது. பாய் தொங்கித் தரையைத் தொட்ட நாலு இடங்களில் கறுப்பாக, ஈரமாக, படுக்கிற பாய் அளவுக்குத் திட்டு. அதில் இரண்டு, பந்து விழுகிற இடத்திலேயே. கட்டைவிரலால் அழுத்தினார். விரல் பதிந்தது.

நான் போனபோது குந்தி உட்கார்ந்திருந்தார்.

"பதினாறு வருஷம்யா" என்றார்.

எட்டு மணிக்கு அம்பயர்கள் வந்தார்கள். பெரியவர் சாவியை மண்ணில் குத்திப் பார்த்தார், பந்தைத் தலை உயரத்திலிருந்து போட்டார். அது தவளை மாதிரி இரண்டு தடவை குதித்து நின்றுவிட்டது. "ஒன்பதரைக்கு மறுபடி பார்க்கிறோம். பத்துக்கு முன்னால ஆட்டம் இல்லை."

இரண்டு அணிகளும் வெள்ளை உடுப்பில் நின்றுகொண்டிருந்தன. ரெண்டாட்டம் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. ஈரம் ஒற்றிய சாக்கைப் பிழிந்துகொண்டிருந்தார். அவளுடைய கேப்டன், பேக்கிங் பிரிவு அக்கா, அவள் முதுகில் தட்டினாள்.

"என்னடி நிக்கிறே? உன் நாத்தனார் வாசல்ல ஹாரன் அடிச்சுக்கிட்டிருக்கா. போய் எறிஞ்சுட்டு வா."

"அக்கா, டாஸ் போட்டு நாம பந்து போடுற மாதிரி ஆச்சுன்னா?"

"வேற யாராவது போடுவாங்க. பதினாறு வருஷமா நீ ஒருத்தியே போட்டுக் கிழிச்சது போதும். போ."

வெள்ளை உடுப்போடு, ஆணி பூட்ஸோடு, அவள் ஆட்டோவில் ஏறுவதைப் பார்த்தேன்.

இப்போது ரோலர் செய்ததைச் சொல்ல வேண்டும். மனைவிக்கு நேரம் வேண்டும் என்றால் அவர் மெதுவாக வேலை பார்த்திருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க முடியாது. அவர் வெறி பிடித்த மாதிரி வேலை பார்த்தார். ரொட்டிக் கம்பெனிப் பெண்கள் ஓடிப் போய்த் துவைத்து அடுக்கியிருந்த மாவுச் சாக்குகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டு வந்தார்கள். காய்ந்த பருத்திச் சாக்கு ஈரத்தை நன்றாக இழுக்கும். திட்டின் மேல் விரித்து, வெறுங்காலால் மிதித்து, எடுத்து, அடுத்த சாக்கு. தேய்க்கக் கூடாது, மேலோடு பெயர்ந்துவிடும். எதிரணித் தபால் இலாகாப் பெண்களும் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து மிதித்தார்கள்.

அவர் காதருகே போய், "கொஞ்சம் மெல்ல" என்றேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தாலும் சொன்னேன்.

"பிட்சு காயறது என் பாடு. திரும்பி வர்றது அவ பாடு" என்றார். "ஆளுக்கு ஒரு வேலைய்யா."

அவர் வேலை பார்த்த வேகத்தில் பத்தேகாலுக்கு ஆட்டம் தொடங்கியது. டாஸில் ஜெயித்தவள் தபால் அணித் தலைவி. தெருத் தெருவாகக் கடிதம் கொடுக்கிறவள், உயரமானவள். ஆடுகளத்தைப் பார்த்தாள், சிரித்தாள், "நாங்க பந்து போடுறோம்" என்றாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஈர மண்ணில் பந்தின் தையல் பிடித்துக்கொள்ளும். ஒன்று நின்று வரும், ஒன்று எகிறும், ஒன்று தரையோடு ஓடும். அடிக்கிறவளுக்கு எது எப்போது என்று தெரியாது.

எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. ரொட்டி அணி முதலில் பேட்டிங் என்றால் ரெண்டாட்டம் உடனே வேண்டாம், அவள் எட்டாவதாகத்தான் இறங்குவாள். ஆக, வியர்த்த ஆடுகளம் அவளுக்கு இரண்டாவது தடவையும் நேரம் வாங்கிக் கொடுத்திருக்கிறது. நான் பென்சிலைச் சீவி முடிப்பதற்குள் அந்தக் கணக்கின் மறுபக்கம் தெரிந்தது. முதல் ஓவரில் ஒரு விக்கெட். மூன்றாவதில் இரண்டு. அவளைப் போகவிட்ட அதே ஈரம் அவள் அணியைத் தின்றுகொண்டிருந்தது. பேக்கிங் அக்கா என் அறைக்கு வந்து, "வரிசைய மாத்து ஸ்கோரர். அவ பேரக் கடைசில போடு" என்றாள். ஒரு விக்கெட் விழுந்தால் அடுத்தவள் மூன்று நிமிஷத்துக்குள் தயாராக நிற்க வேண்டும். ஒன்பது விழும்போது அவள் இல்லை என்றால் அத்தோடு முடிந்தது.

ஆறு விக்கெட்டுக்கு முப்பத்திரண்டு. ஏழுக்கு முப்பத்தெட்டு. ரோலர் எல்லைக் கயிற்றுக்கு வெளியே உருளையின் மேல் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு விக்கெட்டுக்கும் அவர் தலை இன்னும் கொஞ்சம் இறங்கியது. எட்டாவது விக்கெட் விழுந்தபோது மணி பதினொன்று. நான் வாசலைப் பார்த்துக்கொண்டு எழுதியதில் ஒரு புள்ளியைக் கட்டம் தாண்டி வைத்துவிட்டேன். அந்தப் புத்தகத்தில் இன்றும் அது இருக்கிறது.

ஒன்பதாவது, பதினொன்று ஐந்துக்கு. நாற்பத்துமூன்று ரன். மறுமுனையில் பேட்டோடு நின்ற பேக்கிங் அக்கா, எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக நடந்து போய் அம்பயரிடம் எதையோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று பிறகு விசாரித்தேன். மணி என்ன என்று கேட்டாளாம்.

அப்போது ஹாரன் கேட்டது. ஆட்டோ வாசல் வழியாக வந்து, சைக்கிள் நிறுத்துகிற இடத்தைச் சுற்றி, எல்லைக் கயிறு வரைக்கும் வந்து நின்றது. பின் சீட்டிலிருந்து ரெண்டாட்டம் இறங்கினாள், இரண்டு காலிலும் பேடு கட்டி, தலையில் ஹெல்மெட்டோடு. கேப்டன் அவளுடைய பையை ஆட்டோவிலேயே ஏற்றி அனுப்பியிருந்தாள். பேட்டை மட்டும் காணோம். தபால் அணித் தலைவி, கயிற்றோரம் கிடந்த தன் பேட்டையே எடுத்து நீட்டினாள். "சீக்கிரம் போம்மா. அவுட் பண்ணக் காத்துக்கிட்டிருக்கோம்."

தங்கை என் அறைக்குள் வந்து தண்ணீர்ப் பாட்டிலைக் காலி செய்துவிட்டுத்தான் பேசினாள்.

"கேட்டுக்கோங்க அண்ணே. அங்க போனா எல்லாரும் கலர் கலரா டவுசர் போட்டுட்டு நிக்குறாங்க. இவ வெள்ளையும் சொள்ளையுமா போறா. 'டாக்டரம்மாவா'ன்னு கேக்குறான் ஒருத்தன். நிஜ ஈட்டியக் கையில வாங்கினதும் அண்ணி முகத்தப் பாக்கணுமே. 'என்னடி இது, பேனா மாதிரி இருக்கு'ங்குறா. முதல் எறி முப்பத்திமூணு. ரெண்டாவது கோட்டத் தாண்டிட்டா, செல்லாது. நான் மணிய பாக்குறேன், பத்து நாப்பது. 'வா அண்ணி போகலாம்'னேன். 'இன்னும் ஒண்ணே ஒண்ணு'ன்னா. போனா, ஓடினா, எறிஞ்சா. அண்ணே, அது கீழ வரவே மாட்டேங்குது."

"எவ்வளவு?"

"முப்பத்தாறு பன்னெண்டு."

"மீட்டரா?"

"பின்ன என்ன முழமா? இன்னும் மூணு எறி மிச்சம் இருக்குன்னாங்க. அண்ணி அந்த ஆபீசர் கையப் புடிச்சுக் குலுக்கிட்டு, 'எனக்கு பேட்டிங் இருக்கு சார்'னுட்டு ஓடி வந்துட்டா. அவர் இன்னும் அங்கயேதான் நின்னுக்கிட்டிருப்பாரு. வர வழியில ரயில்வே கேட் வேற. கேட்டுல நிக்கும்போதுதான் பேடு கட்டினா. பக்கத்து லாரிக்காரன் கயிறு புடிச்சு உதவினான்."

ரோலர் உருளையை விட்டு எழுந்து ஜன்னலருகே வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. "முப்பத்தாறு பன்னெண்டா?" என்று கேட்டார். தங்கை தலையாட்டினாள். அவர் திரும்பிப் போய் உருளையிலேயே உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கடைசி ஜோடி இருபத்தைந்து ரன் சேர்த்தது, அதில் அவளுடையது பதினேழு. மொத்தம் அறுபத்தெட்டு.

மத்தியானம் வெயில் வந்தது. ஆடுகளம் காய்ந்து, வழக்கமான நல்ல மனிதனாகிவிட்டது. தபால் அணிக்கு அறுபத்தொன்பது எடுக்க வேண்டும். ரெண்டாட்டம் பந்தை வாங்கினாள். முழங்கையில் ஒரு பழைய துணிப் பட்டையைச் சுற்றியிருந்தாள். அது அடிபட்டதற்கான கட்டு அல்ல. ஈட்டியை முழங்கை மடித்து, விரித்து எறியலாம். பந்தை அப்படி வீசினால் செல்லாது. கை தோளிலிருந்து நீட்டினபடியே சுற்றி வர வேண்டும். ஒரே தோளுக்கு இரண்டு சட்டம். காலையில் ஒரு சட்டத்தில் இருந்த கையை மத்தியானம் அடுத்ததற்கு மாற்ற, அந்தப் பட்டை இழுத்து ஞாபகப்படுத்தும். ஆறு ஓவர் வீசினாள், பதினோரு ரன், நாலு விக்கெட். ஆறுக்கு மேல் ஒருத்திக்கு அனுமதி இல்லை.

தபால் அணி ஒன்பது விக்கெட்டை இழந்து, இருபத்தேழாவது ஓவரில் அறுபத்தொன்பதைத் தொட்டது. கடைசி ரன் பேட்டில்கூடப் படவில்லை. பேடில் பட்டு ஓடியது.

தோற்றவர்கள் கொஞ்ச நேரம் புல்லில் படுத்துக் கிடந்தார்கள். பிறகு பேக்கிங் அக்கா எழுந்து போய் வென்றவர்களுக்கும் சேர்த்து ரொட்டிப் பெட்டியைத் திறந்தாள்.

லீக் செயலாளர் மைதானப் பதிவேட்டைக் கேட்டார். ஆட்டம் தாமதமானால் காரணத்தை மைதானக்காரர் தன் கையால் எழுத வேண்டும் என்பது விதி. 'எதிர்பாராத வானிலை' என்று இரண்டு வார்த்தை எழுதினால் போதும், எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். ரோலர் நின்றபடியே எழுதிக் கொடுத்தார். செயலாளர் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, இந்தத் தடவை சத்தமாகப் படித்தார்.

"பாய்க்குப் பன்னிரண்டு மூங்கில் வேண்டும். அதில் ஏழு மூங்கிலை என் மனைவிக்கு ஈட்டியாக அறுத்துக் கொடுத்துவிட்டேன். புதிது வாங்கவில்லை. தவறு என்னுடையது."

"என்னய்யா இது? இதை நான் கமிட்டிக்குக் கொண்டு போனா, பொண்டாட்டிக்காகப் பிட்ச்சைக் கெடுத்தான்னு சொல்ல மாட்டாங்களா? உன் வேலைக்கே உலை வைக்குதே இது."

"நடந்தது அதுதான் சார்."

செயலாளர் தபால் அணித் தலைவியைப் பார்த்தார். "உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா எழுதிக் கொடுக்கணும்."

அவள் வாயில் ரொட்டி இருந்தது. முழுங்கிவிட்டுச் சொன்னாள். "எங்களுக்கு என்ன ஆட்சேபணை? ஈரத்துல பந்து போட்டு ஜெயிச்சது நாங்க. பொண்டாட்டி டீமையே தோக்கடிச்சிருக்கார் மனுஷன். இதுக்கு மேல நேர்மையா எங்க போய் ஆள் தேடுவீங்க?"

செயலாளர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், பதிவேட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்: "மூங்கில் உடனே வாங்கவும்."

சாயங்காலம் அவர்கள் வீட்டில் டீ. குழாயில் வாஷர் மறுபடி கசிந்ததால் நானும் இருந்தேன். ரெண்டாட்டம் முழங்காலில் ஐஸ் வைத்துக் காலை நீட்டியிருந்தாள். ரோலர் எதிரே உட்கார்ந்து டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கப்பு என்னாலதான் போச்சு" என்றார். "ஒரு ரன்னு. பிட்ச் சரியா இருந்திருந்தா உங்க ஆளுங்க நூறு அடிச்சிருப்பாங்க."

"ஆமா" என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். இல்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பார்.

"ஆமாங்க. உங்களாலதான் போச்சு. பதினாறு வருஷமா அந்தக் கப்புக்கு ஆடுறேன், எனக்கு வருத்தம் இல்லாம இருக்குமா? ஆனா ஏழு மூங்கில் போச்சு. ஒரு நாளாவது, 'பாத்து எறி, பாய்க்கு வேணும்'னு சொன்னீங்களா? உடைஞ்சு கிடக்கும், வேலை முடிஞ்சு வருவேன், வாசல்ல அடுத்தது இருக்கும். ரெண்டுல ஒண்ண வைன்னு என்கிட்ட எல்லாரும் சொல்லிட்டாங்க. நீங்க மட்டும்தான் சொல்லல."

"எனக்குத் தோணல" என்றார் அவர்.

"அதான் சொல்றேன். உங்களுக்குத் தோணவே இல்ல பாருங்க." அவள் கையை நீட்டி அவருடைய தம்ளரைத் தொட்டுப் பார்த்தாள். "ஆறிப்போச்சு. குடுங்க, சூடு பண்ணித் தர்றேன்."

"நீ உக்காரு அண்ணி, உத்தமருக்கு நான் போடுறேன்" என்று தங்கை எழுந்தாள்.

மூன்றாம் நாள் மைதானத்துக்குப் போனேன், போர் பம்பில் சத்தம் வருகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். கொட்டகை வாசலில் புது மூங்கில்கள் பச்சை வாசனையோடு சாய்ந்து நின்றன. ஸ்கோர் எழுதுகிறவனுக்கு எதைப் பார்த்தாலும் எண்ணுகிற வியாதி. எண்ணினேன். ரோலர் உள்ளே பாயைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பதினேழு இருக்கே" என்றேன். "பழசு அஞ்சு வேற இருக்கு. பாய்க்கு ஏழு வாங்கினா போதுமே."

"எண்ணிட்டியா" என்றார், திரும்பாமலே.

ஏழு மூங்கில் நீளமாக, அப்படியே இருந்தன. மற்ற பத்தும் இரண்டேகால் மீட்டர். பத்திலும், விரலில் வைத்தால் சாயாத அந்த இடத்தில், புது நூல் சுற்றியிருந்தது.